அழைப்பில் இருப்பவர்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

பயிற்சிக் காலம் முடிந்து இப்போதுதான் பதிவு எண் வந்திருக்கிறது. இரண்டு இடங்களில் வேலைக்கு அழைக்கிறார்கள். ஒன்று பெரிய மருத்துவமனை. மற்றதைப்போல் இரண்டு மடங்கு சம்பளம். தங்கும் அறையைக்கூடப் போய்ப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருட பாண்டு, நடுவில் விட்டால் பணம் கட்ட வேண்டும். இரவில் வார்டில் நான் ஒருத்திதான். ‘மூத்த மருத்துவர் அழைப்பில் இருப்பார்’ என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று சின்ன இடம், ‘நிறைய கற்றுக்கொள்ளலாம்’ என்கிறார்கள். படிப்புக் கடன் இருக்கிறது. பாண்டில் கையெழுத்துப் போடலாமா? மேற்படிப்புக்கு எது உதவும்? நாளை மறுநாள் பதில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

என் பெண்ணுக்கும் உன் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடன் இருந்தால் சம்பளத்தைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை செய்யும் மணிகளால் அதை வகுத்தும் பார்த்துக்கொள். பாண்டுத் தொகை எவ்வளவு, அவர்களே உன்னை நிறுத்தினாலும் நீ கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடு. நீ வேலையை விட்ட பிறகு பழைய நோயாளி வழக்குப் போட்டால் காப்பீடு உனக்குத் துணை நிற்குமா என்பதையும் கேள். மேற்படிப்பு பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. படிக்கிறவர்கள் எங்கே இருந்தாலும் படிக்கிறார்கள்.

ஆனால் அந்த ஒரு வரி. ‘அழைப்பில் இருப்பார்’ என்றால் என்ன என்று கேட்டாயா? அறையைப் போய்ப் பார்க்கத் தெரிந்த உனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே! அழைப்பில் இருப்பார் என்றால் ஒரு போன் நம்பர் இருக்கும், அவ்வளவுதான். எடுப்பாரா? எடுத்தால் வருவாரா? வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்?

போன மாதம் எங்கள் வார்டின் இளம் டாக்டர் ஒருவர் இரவில் என்னை அழைத்தார். ‘மன்னிக்கணும் டாக்டர், தொந்தரவு பண்றேன்’ என்று ஆரம்பித்தார். கூப்பிடலாமா வேண்டாமா என்று நாற்பது நிமிடம் யோசித்ததாக அப்புறம் சொன்னார். அன்றிலிருந்து அந்த நாற்பது நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை. உன் கடிதம் வந்ததும் அதே நேரத்தில்தான்.

என் முதல் வேலையின் இரண்டாம் மாதம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மாலையில் வார்டுக்கு வந்த ஓர் இளைஞர். ஒன்பதரைக்கு நாடி 92. பத்தரைக்கு 106. பதினொன்றரைக்கு 120. ரத்த அழுத்தம் மட்டும் சரியாகவே இருந்தது. இளம் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். அது இறங்கத் தொடங்கும்போது நிறைய ரத்தம் போயிருக்கும். உள்ளே கசிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சீனியரை அழைத்தேன். ‘வலியாக இருக்கும், ஊசி போடு, காலையில் பார்க்கலாம்’ என்றார். பன்னிரண்டே காலுக்கு மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் முறை ரிசீவரை எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். திட்டுவாரே என்ற பயம். அரை மணி நேரம் அந்த இளைஞரின் மணிக்கட்டைப் பிடித்தபடி நாடியை எண்ணிக்கொண்டே இருந்தேன். விரல்கள் சில்லிட்டிருந்தன. ‘தண்ணி வேணும் டாக்டர், தண்ணி’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இரவு நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். ‘நான் கூப்பிடட்டுமா?’ என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வேறொரு யூனிட் சர்ஜனை அழைத்தார். இருபது நிமிடத்தில் அவர் வந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு ‘தியேட்டருக்கு’ என்றார்.

அந்த இளைஞர் பிழைத்தார். விடியற்காலையில் கை கழுவும் இடத்தில் சர்ஜன் என்னைக் கேட்டார், ‘உனக்கு எப்ப சந்தேகம் வந்தது?’ ‘பதினொன்றரைக்கு.’ ‘அப்பவே ஆளை வரவழைத்திருக்கணும். ஒருத்தர் வரலைன்னா அடுத்தவர்.’ குரலை உயர்த்தவே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் குறைந்த சம்பளத்துக்கு அவரிடமே போய்ச் சேர்ந்தேன்.

1984ல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண், மருத்துவமனையில் சேர்த்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். பார்த்துக்கொண்டது பயிற்சியில் இருந்த இரண்டு இளம் மருத்துவர்கள். குடும்ப மருத்துவர் தொலைபேசியில் பேசினார், வரவில்லை. மனச்சோர்வுக்கு அவள் எடுத்துக்கொண்டிருந்த ஃபெனெல்சைனோடு சேரவே கூடாத பெத்திடின் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்டது. பத்திரிகையாளரான அவள் தந்தை விடாமல் போராடினார். டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் குழு அமைத்தார்கள், 1989ல் நியூயார்க் மாநிலத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேர வேலைதான் என்ற வரம்பு வந்தது. எல்லோருக்கும் அந்த 80 மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அனுபவமுள்ளவரின் மேற்பார்வை வேண்டும் என்பதும் அதே சீர்திருத்தத்தின் பகுதிதான். வேலை நேரத்தைவிட மேற்பார்வையே முக்கியம் என்று பெல்லே 1993ல் எழுத வேண்டியிருந்தது.

சின்ன இடம் என்பதால் அங்கே ஆள் வருவார் என்று நம்பிவிடாதே. ‘நிறைய கற்றுக்கொள்ளலாம்’ என்பதற்கு, தனியாக விட்டுவிடுவோம் என்றும் பொருள் இருக்கலாம். நாளை ராத்திரி இரண்டு இடத்துக்கும் போ. சேரப்போகிற டாக்டர், வார்டைப் பார்க்க வேண்டும் என்று சொல். டியூட்டியில் இருப்பவரிடம் எத்தனை படுக்கை, மூச்சுக்குழாய் போட வேண்டி வந்தால் யார் வருவார், எத்தனை நிமிடத்தில் என்று கேள். போன வருடம் வேலையை விட்டுப் போனவர் ஒருவரின் நம்பரையும் வாங்கிப் பேசு. முக்கியமாக, இரவு நர்ஸிடம் கேள்: ‘சீனியர் கடைசியா ராத்திரியில எப்ப வந்தார்?’ பதில் சொல்வதற்கு முன்னால் அவர் தயங்குகிறாரா என்று பார்.

என் எண்ணைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எத்தனை மணியானாலும் கூப்பிடு. ‘மன்னிக்கணும்’ என்று ஆரம்பிக்காதே.