படம் ஏன் சரிகிறது?

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையம் அனுப்பிய படமொன்றின் ஒலியை, லயத்து வாசலில் கையடக்க வானொலிப் பெட்டியருகே கைத்தொலைபேசியை வைத்துப் பதிவுசெய்து, பின்னர் கணினியில் படமாக்கினேன். படம் ஒருபுறமாகச் சரிந்திருந்தது. நடுவே கோடுகள், கீழ்ப்பாதியில் வெறும் புள்ளிகள். நிலையத்தின் வேகந்தான் காரணமா? நானும் இவ்வாறு படம் அனுப்பலாமா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: வேகத்தின் பங்கு மிகச் சொற்பம். செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக நிலையம் விரைந்தாலும், அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான். உண்மையான காரணம் உங்கள் கருவிகளின் கடிகாரம். நிலையம் வழமையாகப் பயன்படுத்துவது, படத்தை ஒலியாக்கி வரிவரியாக அனுப்பும் பீடி 120 என்ற முறை. அதில் ஒரு படம் முடிய 126 செக்கன் ஆகும். கைத்தொலைபேசியின் கடிகாரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே, கடைசி வரி வரும்போது படம் தன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். பதிவு கைவசம் இருப்பதால், மென்பொருளின் சரிவு திருத்தும் வசதியைக்கொண்டு அதை நிமிர்த்திவிடலாம்.

கோடுகளின் கதை வேறு. இம்முறையில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஒரு தொனியாகவே வருகிறது. 1500 ஹேர்ட்ஸ் கறுப்பு, 2300 ஹேர்ட்ஸ் வெள்ளை. ஆகவே அந்நேரம் நாய் குரைத்தாலும், தொழிற்சாலைச் சங்கு ஊதினாலும், அதுவும் படத்தில் கோடாக விழும். பெட்டியிலிருந்து வயர் மூலம் நேரடியாகப் பதிவுசெய்யுங்கள்.

கீழ்ப்பாதியை விழுங்கியது பெரும்பாலும் எதிர்மலை. தடையற்ற வெளியில், நிலையம் வானைக் கடந்து மறையும் ஒரு கடப்பு பத்து நிமிடம்வரை நீளும். பள்ளத்து லயத்தில் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். இரு படங்களுக்கிடையே மௌனமும் வருவதால், முழுப்படம் வேண்டுமானால் தேயிலை மலையுச்சிக்கு ஏறுவதே வழி. (அட்டைக்கு உப்பை மறக்கவேண்டாம்.) பெட்டியை 145.800 மெகாஹேர்ட்ஸில் வைத்து, சத்தம் நலியும்போதெல்லாம் அன்ரனாவை மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். நிலையம் நகர நகர அலையின் சாய்வும் மாறும்.

அனுப்புவதானால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரமும், ‘4எஸ்’ எனத் தொடங்கும் அழைப்புக்குறியும் இன்றியமையாதவை. அவை கிடைத்தபின், உலகெங்குமுள்ள படம் அனுப்புவோர் கூடும் 14.230 மெகாஹேர்ட்ஸில் நீங்களும் சேரலாம். அங்கே மலை அவ்வளவு தடையாகாது. அலை வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால், தலவாக்கலைப் படம் ஐரோப்பாவரை செல்லும். ஆனால் அங்கே பயன்படுவது ஒற்றைப் பக்கப்பட்டை முறை (வானொலி அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவது). மீடிறன் 100 ஹேர்ட்ஸ் விலகினாலே தொனிகள் அனைத்தும் விலகி, நிறங்கள் மாறிவிடும்.