மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: கோயம்புத்தூரில் வசிக்கிறேன். கடந்த ஆண்டு இங்குள்ள ஒரு கடையில் 1,32,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் வாங்கினேன். விளையாடுவதோடு, வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் வேலையும் அதில் செய்து வந்தேன். நிறுவனத்தின் வாரண்டி ஓராண்டு. நான்காவது மாதத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து 16 ஜிபி ரேமும் 1 டிபி எஸ்எஸ்டியும் கூடுதலாகப் போட்டேன். அப்போதே அவர் ஃபேனைச் சுத்தம் செய்து சிப்பின் வெப்பத்தை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினார். கிராபிக்ஸ் சிப்பை மென்பொருள் மூலம் ஓரளவு ஓவர்கிளாக் செய்திருந்தேன், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இயக்கியிருந்தேன். ஒன்பதாவது மாதம் திரையில் கோடுகள் விழுந்தன. சில நாட்களில் லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட்டில் ‘சிஐடி, அங்கீகாரமற்ற மாற்றம், ஓவர்கிளாக்கிங்’ என்று எழுதி, மதர்போர்டு மாற்ற 74,000 ரூபாய் கேட்கிறார்கள். ஸ்க்ரூவின் மேலிருந்த ஸ்டிக்கர் கிழிந்திருப்பதையும் காட்டினார்கள். அமெரிக்காவில் இப்படி மறுக்க முடியாது என்கிறார்கள் நண்பர்கள். நான் வழக்குப் போடலாமா? அல்லது அந்த மென்பொருளை அழித்து, கூடுதல் ரேமையும் கழற்றிவிட்டு வேறொரு சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் செய்துவிட்டால் மற்றவற்றுக்கு நான் பதில் சொல்லிப் பயனில்லை. அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் லேப்டாப்பின் சீரியல் எண்ணோடு ஜாப் ஷீட் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. வேறு ஊரில் கொடுத்தாலும் அந்தப் பதிவு அங்கே திரையில் வரும். அதைவிட முக்கியம், இன்று உங்கள் கையில் இருப்பது வாதத்துக்கு இடமுள்ள ஒரு வழக்கு. மென்பொருளை அழித்துவிட்டுப் போய் நின்றால், மதர்போர்டு ஏன் போனது என்ற கேள்வி பின்னுக்குப் போய், நீங்கள் எதை மறைத்தீர்கள் என்ற கேள்வி முன்னால் வந்துவிடும். லேப்டாப்பின் வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் சோதனையின் மதிப்பெண்ணை எங்காவது பெருமையாகப் பகிர்ந்திருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களும் இணையம் பார்க்கிறவர்கள்தாம்.

வழக்குத் தொடரலாம். ஆனால் ‘அங்கீகாரமற்ற மாற்றம்’ என்று ஒரே வரியில் அவர்கள் எழுதியிருப்பதற்குள் மூன்று தனித்தனிச் செயல்கள் அடங்கியிருக்கின்றன. ரேமும் எஸ்எஸ்டியும் சேர்த்தது ஒன்று, தெர்மல் பேஸ்ட் மாற்றியது மற்றொன்று, ஓவர்கிளாக் செய்தது மூன்றாவது. சட்டத்தின் பார்வையில் இவை மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவதில் நீங்கள் வலுவாக இருக்கிறீர்கள். கேமிங் லேப்டாப்புகளில் ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்குக் காலி ஸ்லாட் வைத்து, ‘இத்தனை ஜிபி வரை உயர்த்தலாம்’ என்று விளம்பரத்திலும் பெட்டியின் மீதும் அச்சிட்டு விற்பது வழக்கம். உங்கள் மாடலின் பயனர் கையேட்டில் அடிமூடியைக் கழற்றி ரேம் போடும் முறை படத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். உயர்த்தலாம் என்று சொல்லி விற்றுவிட்டு, உயர்த்தியதையே காரணமாகக் காட்டி வாரண்டியை மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ஆம் பிரிவில் விவரிக்கும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று வாதிட நல்ல இடமுண்டு. கிழிந்த ஸ்டிக்கரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மூடி திறக்கப்பட்டது என்பதற்கு அது சான்று; மதர்போர்டு எதனால் செயலிழந்தது என்பதற்கு அது சான்றாகாது.

தெர்மல் பேஸ்ட் விஷயத்தில் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் போட்டது சாதாரண பேஸ்ட்டா, லிக்விட் மெட்டலா? சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது. அது காலப்போக்கில் காய்ந்துபோகும் என்பதால் அதை மாற்றுவது பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. லிக்விட் மெட்டல் என்பது கேலியம் கலந்த உலோகக் கலவை. அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், சிப்பின் ஓரத்திலிருந்து ஒரு துளி வழிந்தாலும் பக்கத்திலுள்ள நுண்பாகங்களைச் ஷார்ட் ஆக்கிவிடும். உங்கள் மாடலில் நிறுவனமே அதைப் பயன்படுத்தாதிருக்க, மெக்கானிக் அதைப் போட்டிருந்தால், நிறுவனத்தின் மறுப்பில் நியாயம் இருக்கக்கூடும். அந்த நிலையில் உங்கள் கோரிக்கை மெக்கானிக்கின் சேவைக் குறைபாட்டை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். அதற்கு அவரிடம் வாங்கிய பில் வேண்டும். பில் வாங்காவிட்டால், ஜிபே செய்த பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் ஓரளவு கைகொடுக்கும்.

உங்கள் வழக்கின் பலவீனமான பகுதி ஓவர்கிளாக்கிங். வாரண்டி நிபந்தனைகளில், எறும்பு அளவு எழுத்தில் என்றாலும், ‘குறிப்பிட்ட அளவுகளுக்கு மேல் இயக்கியதால் ஏற்படும் பழுது’ விலக்கப்பட்டிருக்கலாம். அந்த வரியைத் தேடி எடுத்து, சொல் பிசகாமல் படியுங்கள். ‘ஓவர்கிளாக் செய்தால் வாரண்டி செல்லாது’ என்றிருப்பதும், ‘ஓவர்கிளாக் செய்ததால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி பொருந்தாது’ என்றிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை வாசகமாக இருந்தால், காரணத் தொடர்பை நிறுவனமே காட்டியாக வேண்டும். விலக்கு விதியை நம்பிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிறுவனமே அந்த விதி பொருந்துகிறது என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்று காப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அதே தர்க்கத்தை வாரண்டிக்கும் பொருத்தி வாதிடலாம். முதல் வகை வாசகமாக இருந்தால், அத்தகைய நிபந்தனை நுகர்வோர் தலையில் நியாயமற்ற சுமையை ஏற்றுகிறது என்று தனியாக எதிர்க்க வேண்டியிருக்கும். அது சற்றுக் கடினமான பாதை.

உங்களுக்குச் சாதகமான தொழில்நுட்பச் செய்திகளும் உண்டு. லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் அதிகபட்சம் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கலாம் என்ற வரம்பு பொதுவாக அதன் விபயாஸில், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளில், பூட்டப்பட்டிருக்கும். சாதாரண மென்பொருள் கொண்டு நீங்கள் கிளாக் வேகத்தைக் கூட்டியிருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டியிருப்பது அரிது. வெப்பம் மிகுந்தால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விபயாஸையே மாற்றி எழுதியிருந்தால் கதை வேறு. அப்படி எதுவும் செய்திருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிறுவனமே லேப்டாப்போடு கொடுத்த மென்பொருளில் ‘டர்போ’ போன்ற பெயரில் கிளாக்கைக் கூட்டும் வசதி இருந்து, நீங்கள் பயன்படுத்தியது அதுதான் என்றால், உங்கள் நிலை பெரிதும் மாறுகிறது. தான் கொடுத்த பொத்தானை அழுத்தியதற்காக வாடிக்கையாளரைக் குறை கூறுவது எந்த ஆணையத்தின் முன்பும் எளிதல்ல. உங்கள் கடிதத்தில் எந்த மென்பொருள், எவ்வளவு மெகாஹெர்ட்ஸ் என்ற விவரம் இல்லை. இரண்டையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

ஜாப் ஷீட்டில் உள்ள சிஐடி என்பது வாடிக்கையாளரால் விளைந்த சேதம் என்று சர்வீஸ் சென்டர்கள் வைத்திருக்கும் சுருக்கக் குறியீடு. அது ஒரு முடிவுதானே தவிர, பரிசோதனை அறிக்கை ஆகாது. எந்த பாகம் பழுது, எந்தச் சோதனையில் அது தெரிந்தது, ஓவர்கிளாக்கிங்தான் காரணம் என்று எதைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்று மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். லேப்டாப்பே ஆன் ஆகாத நிலையில் ஓவர்கிளாக்கிங்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். உங்கள் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்த்தார்களா, அதற்கு உங்களிடம் அனுமதி பெற்றார்களா? பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த மௌனமும் உங்கள் கோப்பில் ஓர் ஆவணம்.

நண்பர்கள் சொன்ன அமெரிக்கச் செய்தி பொய்யில்லை. அங்கே 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின் அடிப்படையில், ‘ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்ற பாணியிலான நிபந்தனைகள் குறித்துக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆனால் அந்தச் சட்டம் கோயம்புத்தூரில் வாங்கிய லேப்டாப்புக்குப் பொருந்தாது. உங்கள் மனுவில் அதை மேற்கோள் காட்டினால் எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி எளிதாகக் கிடைக்கும், அவ்வளவுதான். நம் நாட்டிலேயே பயனுள்ள ஒன்று இருக்கிறது. கார் உதிரிபாகங்கள் தொடர்பாக 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்த ஆணையில், வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தாலே வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும், வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது. அது போட்டிச் சட்டத்தின் கீழ், கார்கள் குறித்து வந்து, மேல்முறையீடுகளுக்கும் உள்ளான ஆணை என்பதால் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதில் உள்ள நியாயம் உங்கள் வழக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

நிறுவனத்தின் பதிலில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு வரலாம் என்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு நடவடிக்கை கொண்டுவர முடியாது என்கிறது அந்தப் பிரிவு. படித்தவுடன் உங்களுக்கு எதிரானது போலத் தோன்றும். ஆனால் அது பேட்டரி வெடித்துக் கை காயப்படுவது போன்ற தீங்குகளுக்கானது. பொருளுக்கே ஏற்படும் சேதம் அந்தத் ‘தீங்கு’ என்ற வரையறைக்குள் வராது என்று அதே சட்டத்தின் 2(22)-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் புகார் 2(10)-இன் கீழ் வரும் பொருள் குறைபாட்டையும் 2(11)-இன் கீழ் வரும் சேவைக் குறைபாட்டையும் பற்றியது. வீடியோ எடிட்டிங் வருமானத்தைக் காட்டி, நீங்கள் நுகர்வோரே அல்ல என்றும் ஆட்சேபிக்கலாம். சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2(7)-இன் விளக்கமே கூறுவதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வழக்கின் உயிர்நாடி அந்த மதர்போர்டு. ஆகவே லேப்டாப்பைப் பழுது பார்க்காமல் திரும்ப வாங்கி, அடிமூடி, ஸ்க்ரூக்கள், சீரியல் எண் ஆகியவை தெரியும்படி படமெடுத்து, அப்படியே உறையிட்டு வையுங்கள். சிப் லெவல் வேலை செய்பவர் யாரிடமாவது கொடுத்து உயிர்ப்பித்துப் பார்க்கும் ஆசை வரும். ஒருமுறை சால்டரை உருக்கும் ஹாட் ஏர் பட்டுவிட்டால் பிறகு எந்த ஆய்வகமும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வு இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாத வழக்குகளில், 38(2)-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆணையமே பொருளை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை பெற முடியும். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வகம் ‘மெமரி சிப்பின் அடியில் சால்டர் விட்டுப்போயிருக்கிறது’ என்பது போன்ற ஒன்றைச் சொன்னால் நிலைமை உங்கள் பக்கம் சாயும். ‘மின் இணைப்பில் ஸ்க்ரூடிரைவர் கீறல்’ என்றால் மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான். இந்தக் காரணத்துக்காகவே மெக்கானிக்கை இப்போதைக்கு எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவரைச் சேர்ப்பது, பழுது அவர் கையால் வந்திருக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்வது போல ஆகும்.

நடைமுறை எளிது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில நேரங்களில் அங்கேயே காரியம் முடிந்துவிடும். முடியாவிட்டால் தயாரிப்பு நிறுவனத்தின் இந்தியக் கிளை, கடை, சர்வீஸ் சென்டர் ஆகிய மூவருக்கும் 15 நாள் அவகாசத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யலாம். வாரண்டி அட்டையில் வேறு ஊர் நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று அச்சிட்டிருந்தாலும், வசிக்கும் இடத்தில் புகார் செய்யும் உரிமையை 34-ஆம் பிரிவு உங்களுக்குத் தந்திருக்கிறது. செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் தாக்கல் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள், மின்னஞ்சல் போக்குவரத்து நீண்டுகொண்டே போவதால் அது நீளாது. ஸ்கிரீன்ஷாட்களும் மின்னஞ்சல்களும் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழை இணைத்துவிடுவது நல்லது.

பழுதை நீக்கித் தருவது, இல்லையேல் பொருளை மாற்றித் தருவது, அதுவும் இல்லையேல் விலையைத் திருப்பித் தருவது என்ற வரிசையில் நிவாரணம் கேளுங்கள். மன உளைச்சலுக்காக ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதுவது புகாரின் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும்.

நோட்டீஸ் கிடைத்ததும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ பாதி விலைக்கு மதர்போர்டு மாற்றித் தருவதாக நிறுவனம் முன்வரக்கூடும். ஓவர்கிளாக்கிங் என்ற பலவீனம் இருப்பதால், அது நியாயமான தொகையாக இருந்தால் யோசிக்கலாம். கையெழுத்துப் போடும் முன், புதிய மதர்போர்டுக்கு எத்தனை மாத வாரண்டி என்பதையும், நீங்கள் சேர்த்த ரேமும் எஸ்எஸ்டியும் அப்படியே இருக்கச் சம்மதம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பழைய மதர்போர்டை அவர்கள் கொண்டுபோக அனுமதித்தால், பிறகு வழக்குக்குத் திரும்ப வழியிருக்காது.