கொல்லிமலையில் போன கால் நகம்: வாசகர் கேள்வி பதில்

வயது 37, ஐ.டி. வேலை. ஆபீஸ் நண்பர்கள் மாதாமாதம் ட்ரெக்கிங் கூப்பிடுகிறார்கள். தினமும் ட்ரெட்மில்லில் 40 நிமிடம் நடக்கிறேனே, அது போதாதா? காட்டில் நடந்தால் மட்டும் என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும்?
(வாசகர், சென்னை)

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் என்றால் தாராளமாகப் போதும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை எங்கே செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ட்ரெட்மில்லில் ஒவ்வொரு அடியும் போன அடி மாதிரியே இருக்கும். மலைப்பாதையில் ஒரு கல் அசையும், ஒரு வேர் குறுக்கே வரும், பாதம் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்து ஊன்ற வேண்டும். கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகளுக்கு அந்த வேலை ஜிம்மில் கிடைப்பதில்லை.

மனசு விஷயமும் இருக்கிறது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. பூங்கா, காடு, கடற்கரை என்று வாரத்தில் 2 மணி நேரமாவது செலவழித்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். அந்த 2 மணி நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் ஒன்றுதானாம். நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே கிளம்புவார்கள் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான், அந்த ஆய்வை மட்டும் வைத்து எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது.

போவதென்று முடிவு செய்தால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். நானும் ட்ரெட்மில் ஆசாமிதான். அந்தத் தைரியத்தில் கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போனேன். மலை என்றால் ஏறிவிட்டு இறங்குவதுதானே வழக்கம், அங்கே தலைகீழ்: அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் அருவி. சிரித்துக்கொண்டே இறங்கினேன். கீழே போய் நின்றதும் இரண்டு தொடையும் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டன, இனிமேல்தான் ஏற வேண்டும்! இறங்கும்போது உடம்பு எடைக்குப் பிரேக் போடுவது தொடைத்தசைதான், சமதள நடையில் அதற்கு அந்தப் பழக்கமே வருவதில்லை. போதாக்குறைக்கு, அளவெடுத்த மாதிரி இறுக்கமான ஷூ. படிக்குப் படி கட்டைவிரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்து, இரண்டு வாரத்தில் கழன்றே விழுந்தது. ஆகவே, ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும், முந்தின நாளே நகம் வெட்டிவிடுங்கள், ஒரு மாதத்துக்கு லிஃப்டை மறந்துவிட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம்.

ட்ரெக்கிங் போக அனுமதி எல்லாம் வாங்க வேண்டுமா? ஊர்க்காரர் யாராவது வழி காட்டினால் போதாதா?
(வாசகர், மதுரை)

போதாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல்லில் தீ பிடித்தால் மனிதனால் ஓடி ஜெயிக்க முடியாது. இப்போது வனத்துறையே 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்தால், அந்தக் காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். தீ அபாயமுள்ள காலத்தில் பாதையை மூடிவிட்டால் முணுமுணுக்காமல் வேறு மாதம் போங்கள்.

எனக்கு 64 வயது, மூட்டுவலி. மலையெல்லாம் ஆகாது. வீட்டிலேயே கிடந்து சலித்துவிட்டது.
(வாசகி, செங்கல்பட்டு)

அம்மா, செங்கல்பட்டில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! பக்கத்தில் வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். அதுவும் தூரம் என்றால் உங்கள் ஏரிக்கரையே போதும், காலை ஆறு மணிக்கு ஒரு மடக்கு நாற்காலியோடு போய் உட்காருங்கள். நத்தைகுத்தி நாரை ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி மாதிரி. அந்த அலகால் சேற்றைத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை மட்டும் உருவித் தின்னும். அதைப் பார்க்க ஆரம்பித்தால் மூட்டுவலி ஞாபகத்துக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். பைனாகுலர் வாங்கினால் 8x42 என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 10, 12 என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

மகனுக்கு 7 வயது. எனக்கும் கணவருக்கும் சிறு வயதிலேயே கண்ணாடி. அவனுக்கும் வந்துவிடுமோ?
(வாசகி, ஈரோடு)

பரம்பரை ஒரு காரணம்தான். அதை மாற்ற முடியாது, ஆனால் வெளிச்சத்தை மாற்றலாம். வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருந்தால், வெளியே பகலில் 10,000-ஐ எளிதில் தாண்டும். வெளியே அதிகம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று தெரிந்துதான் தைவான் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடச் சொல்கிறது. நம் ஊர் உச்சிவெயிலில் வேண்டாம், மர நிழலே போதும். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதனால் பவர் குறைந்துவிடாது, அதற்கு டாக்டர்தான்.

வால்பாறைக்குப் போகிறோம். அட்டை கடிக்குமாமே?
(வாசகர், திருப்பூர்)

மழைக்காலத்தில் கடிக்காமல் விடாது. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிய்க்காமல், ஒட்டியிருக்கும் வாய்ப்பக்கம் விரல் நகத்தை நுழைத்து வழித்துவிட்டால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், உறைய விடாத சரக்கை அது உள்ளே விட்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம், காரில் ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றி ஒரு தட்டு தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் உங்களோடு திருப்பூர் வந்து சேரும்.