மூச்சை விடும்போது எடுத்த படமா என்று கேளுங்கள்

கேள்வி: என் குழந்தைக்கு 8 மாதம். பிறந்து சில வாரத்திலிருந்தே மூச்சில் கர்கர் சத்தம். நெபுலைசரில் புகை வைத்தும் குறையவில்லை. எக்ஸ்ரே நார்மல். மூச்சுக்குழாய் மடங்குகிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மதுரை டாக்டர். தேவையா? — உசிலம்பட்டி வாசகி

பதில்: எக்ஸ்ரே நார்மல் என்பதால் குழாயும் சரி என்று ஆகிவிடாது. அதை மூச்சை இழுத்த நொடியில் எடுக்கத்தான் பார்ப்பார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் குழாய் அப்போது விரிந்துதான் இருக்கும். குருத்தெலும்பு வலுவில்லாத குழாய் மடங்குவது மூச்சை விடும்போது. அழுதால், இருமினால் இன்னும் அதிகம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். சட்டையைக் கழற்றி வயிற்றைக் கவனியுங்கள். வயிறு மேலெழும்போது சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் குரல்வளையில். அதற்கு மூக்கு வழியாக ஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தாலே போதும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே சரியாகிவிடும். வயிறு இறங்கும்போது சத்தம் என்றால் கீழே உள்ள குழாயைச் சந்தேகிக்க வேண்டும். 1 நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மடங்குவதை நேரில் காட்டுவது ஸ்கோப்தான். சிடியின் பலம் வேறு: ரத்தக்குழாயைப் பளிச்சென்று காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்தால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி இரட்டையாகி வளையம்போலக் குழாயை நெரிக்கிறதா என்று தெரியும். அதற்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அந்தச் சந்தேகத்தில் சொல்லியிருந்தால், கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். குழந்தையின் எடைக்கேற்பக் கதிர்வீச்சைக் குறைத்து வைக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

தவறு நடக்கும் இடம் மயக்க மருந்துதான். தொண்டைக்குள் டியூப் வைத்து மெஷின் காற்றை உள்ளே தள்ளினால், அந்த அழுத்தமே குழாயைத் தாங்கிப் பிடித்துவிடும். மடிப்பு படத்தில் வராது. குழந்தை தானாக மூச்சுவிடும்போதே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே சுற்றில் 16 செ.மீ. நீளத்தைப் படம்பிடிக்கும் 320 வரிசை சிடி மெஷினில், ஒரு முழு மூச்சையும் அசையும் படமாகவே பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் ‘லேசான சுருக்கம்’ என்று மட்டும் இருந்தால் அளவு கேளுங்கள். ஒரே இடத்தில் குழாயின் உள்பரப்பு மூச்சை இழுக்கும்போது 25 சதுர மி.மீ., விடும்போது 10 என்றால் சுருக்கம் 60%. பொதுவாக 50 சதவீதத்தைத் தாண்டினால் கோளாறாகக் கொள்வார்கள். ஆனால் நல்ல குழாய்கூட இருமலில் ஓரளவு சுருங்கும். எண்ணைக் குழந்தை படும் சிரமத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மயக்கம் கொடுப்பதாகச் சொல்லி ஸ்கேன் காலை 10 மணிக்கு என்றால், பால் பவுடரும் பசும்பாலும் அதிகாலை 4 மணியோடு சரி, தாய்ப்பால் 6 மணியோடு, வெறும் தண்ணீர் 8 மணியோடு. பஸ்ஸில் அழுகிறதே என்று பால் கொடுத்துவிட்டால் அன்றைக்கு ஸ்கேன் நடக்காது.

பால் குடிக்கையிலோ அழுகையிலோ உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.