லாங்இயர்பியன்: விசாவும் விடுதியும்

ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவுடன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), பிப்ரவரியில் வயதான பெற்றோரை ஆஸ்லோ வழியாக, வட துருவப் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள லாங்இயர்பியன் ஊருக்கு அழைத்துச் செல்லலாமா என்றும், மேட்டிலுள்ள நிபியன் பகுதியில் மலிவான அறை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விசாவைக் கவனியுங்கள். ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதாயினும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கிருந்து ஆஸ்லோ திரும்புவது இரண்டாவது நுழைவாகக் கணக்கிடப்படும். ஆகவே இருமுறை நுழைவு விசா கைக்கு வரும்வரை பயணச்சீட்டு எடுக்காதீர்கள். இதில் ஏமாந்தால் மொத்தப் பயணமும் பாழாகிவிடும்.

1975இல் திறக்கப்பட்ட லாங்இயர்பியன் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விமானம் வரும் நேரத்தையொட்டிப் பேருந்து காத்திருந்து, விடுதி விடுதியாக இறக்கிவிடும் என்பதால் இரவில் இறங்கினாலும் கவலையில்லை.

நிபியனில் இருப்பவை முன்பு சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய கட்டடங்கள். சுத்தமானவை, ஆனால் பலவற்றில் குளியலறை பொது. கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல், உறைந்த சாலையில், பூஜ்யத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் பெற்றோரை நடக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் கூடினாலும் ஊர் நடுவிலேயே அறை எடுங்கள். பல விடுதிகளில், நம் வீடுகளைப் போலவே, வாசலிலேயே காலணியைக் கழற்றி அடுக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆளுக்கொரு ஜோடி கனத்த கம்பளிக் காலுறை கொண்டுபோங்கள்.

ஊரின் விளிம்பில் வெண்கரடிப் படம் போட்ட முக்கோணப் பலகை நிற்கும். துப்பாக்கியுடன் வரும் வழிகாட்டி இல்லாமல் அதைத் தாண்ட வேண்டாம்.