அம்மாவின் பீரோ எங்கே நிற்கும்?

கேள்வி: எனக்கு வயது 36. தனியார் வேலை, கைக்கு 82,000 ரூபாய் வருகிறது. மனைவி, ஒரு மகள். வீட்டு வாடகை 14,000. கூடுவாஞ்சேரியில் எட்டு வருடப் பழைய டபுள் பெட்ரூம் ஃப்ளாட் ஒன்றை 58 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். அப்பா போன பிறகு அம்மா கும்பகோணம் பக்கம் ஊரில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டை விற்றால் 20 லட்சம் தேறும், மீதிக்கு லோன். ஒரு ரூம் எங்களுக்கு, இன்னொன்று மகள் படிக்கவும் நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கவும். அம்மா ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். பத்திரம் எங்கள் இருவர் பெயரில். வாங்குமுன் கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும், என்னென்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது பணக் கணக்கு. முதலில் அதையே போட்டுவிடுவோம்.

58 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தர முடியும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை போகும் கடனுக்கு ரிசர்வ் வங்கி போட்ட வரம்பு அது. ஆகவே 11 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். பத்திரச் செலவை வங்கி இந்தக் கணக்கில் சேர்க்காது. பழைய ஃப்ளாட் என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 5 லட்சத்து 22 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 16 லட்சத்து 82 ஆயிரம். புரோக்கர், வக்கீல், வங்கியின் கட்டணங்கள், பெயின்ட், அலமாரி என்று மிச்சமும் சேர்ந்தால் 20 லட்சம் சரியாகப் போய்விடும்.

அந்த 20 லட்சம் யாருடையது? அம்மாவுடையது. உங்கள் சேமிப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதாவது பத்திரம் பதிவாகும் நாள் வரைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் போடுகிறவர் அந்த அம்மா. அவருக்குப் பத்திரத்தில் பெயர் இல்லை, கதவு உள்ள ஓர் அறையும் இல்லை. ஹால்.

"அவரே சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். வேறு என்ன சொல்வார்? தட்டில் கடைசி தோசை இருந்தால் "எனக்குப் பசியில்லை" என்று சொல்லித்தானே உங்களை வளர்த்திருப்பார்? அப்போது நம்பினீர்கள், சின்னப் பையன். 36 வயதிலும் நம்புவேன் என்றால் அது வசதிக்காக நம்புவது.

என் பெரியம்மா ஒருத்தி மகன் வீட்டு ஹாலில் ஒன்பது வருடம் படுத்தாள். ராத்திரி பதினொன்றரைக்கு டிவி அணையும் வரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். யாரும் கொடுமை பண்ணவில்லை, எல்லாரும் நல்லவர்கள்தான். அவளுடைய துணிமணி மட்டும் கடைசிவரை ஒரு சூட்கேஸில், கட்டிலுக்கு அடியில்.

மருமகள் பெயரில் பாதி வீடு இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவளும் குடும்பத்துக்கு உழைக்கிறவள்தான். ஆனால் மூன்று பேர் பெயரில் எழுத என்ன தடை?

சட்டமும் இதைத்தான் கேட்கும். ஊர் வீட்டை விற்று வரும் லாபத்துக்கு வருமான வரி உண்டு. அம்மா தன் பெயரில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்கு கேட்கலாம். மகன், மருமகள் பெயரில் வாங்கிவிட்டு அதைக் கேட்டால் ஆடிட்டர் முகம் சுளிப்பார். அப்புறம், உங்களுக்கு அக்கா தங்கை உண்டா? எழுதவில்லை. வீடு அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. பெண்பிள்ளை கையெழுத்து இல்லாமல் அதை முழுசாக விற்கவே முடியாது.

ஃப்ளாட் விஷயத்தில் பார்க்க வேண்டியது அதிகமில்லை, ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். அதில் பதிவான சங்கதி மட்டும்தான் வரும். அதனால் தாய்ப்பத்திரமும் (இதற்கு முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்) விற்பவருடைய அசல் பத்திரமும் இப்போது யார் கையில் இருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். கட்டிடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்காக வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, கட்டிடம் அனுமதி வாங்கிய வரைபடப்படி இருக்கிறதா, அசோசியேஷன் பாக்கி உண்டா, எல்லாவற்றையும் உங்கள் வக்கீல் படிக்கட்டும். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

46 லட்சத்து 40 ஆயிரம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 40 ஆயிரம். சம்பளத்தில் பாதி. வாடகை போக இன்னும் 26 ஆயிரம் மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதை இந்த மாதத்திலிருந்தே ஆர்.டி.யில் போட்டுப் பாருங்கள், ஒரு வருடம். முடிகிறதென்றால் மூன்று லட்சத்துக்கு மேல் உங்கள் சொந்தப் பணம் சேர்ந்திருக்கும். நாலாவது மாதமே மூச்சு முட்டினால் இந்த வீடு உங்கள் சம்பளத்துக்குப் பெரிது, இன்னும் உள்ளே தள்ளிப் போய் விலை குறைவாகப் பாருங்கள். கூடுவாஞ்சேரி எங்கும் ஓடிவிடாது. அதுவரை ஊர் வீடும் விற்காமல் அப்படியே இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், தங்கை இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு, அம்மா முன்னால் அந்த ஃப்ளாட்டின் வரைபடத்தை விரியுங்கள். ஹாலில் படுக்கிறீர்களா என்று கேட்காதீர்கள், அதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். பீரோவை எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள்.