பத்தில் எட்டு போடுகிறவன் அன்றைக்கு ஏன் வெளியே அடித்தான்?

கேள்வி: குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். மகன் பிளஸ் டூ படிக்கிறான், சின்ன வயதிலிருந்தே கால்பந்துதான் உலகம். பயிற்சியில் பத்து பெனால்டி அடித்தால் எட்டு உள்ளே போகும். மூன்று வாரத்துக்கு முன் அணித் தேர்வு ஆட்டத்தில் கடைசி பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். "ஒரு பந்தக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதாலே" என்று அவன் அப்பா திட்டிவிட்டு, மறுநாள் ஆழ்கடலுக்குப் போய்விட்டார். அதிலிருந்து மகன் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, மைதானத்துப் பக்கமே போவதில்லை. மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா? ஊரில் என்ன சொல்வார்கள்?

பதில்: காட்டுங்கள் அம்மா. தோற்ற வருத்தம் நாலைந்து நாள் இருப்பது இயல்பு. தூக்கமும் சாப்பாடும் பிடித்த விளையாட்டும் இரண்டு வாரம் தாண்டியும் விலகியே இருந்தால் அதை வருத்தம் என்று விட்டுவிடக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அதற்கு முன், இன்று இரவே தனியாக உட்கார்ந்து ஒன்றைக் கேளுங்கள்: "மக்களே, செத்துப்போயிரலாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே கொடுத்தது ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆகாது. 'ஆமாம்' என்றால் அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஊர் என்ன சொல்லும்? கணுக்கால் பிசகினால் வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டு வருகிறோம், யாரும் வாய் திறப்பதில்லை. மனசுக்கு உதவி தேடுவதும் அப்படித்தான். 2024-இல் உலக சதுரங்க சாம்பியனான குகேஷ், அந்தப் போட்டிக்காக மனப் பயிற்சியாளர் பேடி அப்டனோடு சேர்ந்து தயாரானார். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்தவரும் அவர்தான். கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தப் பந்து. பத்தில் எட்டு என்றால் இரண்டு எப்படியும் வெளியே போகிறது. அதில் ஒன்று அன்றைக்கு வந்திருக்கலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய நாலில் ஒன்றை விடுகிறார்கள். இந்தக் கணக்கை அவன் அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

பதற்றமும் காரணமாக இருந்திருக்கலாம். உங்கள் கரையில் வலை முடிகிற பெரியவர்களைப் பாருங்கள். ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார்கள், கை அதுபாட்டுக்கு ஓடும். "எப்படி முடிச்சுப் போடுறீங்க, மெதுவா காட்டுங்க" என்று கேட்டால் அந்தக் கை தடுமாறும். பழகிய வேலையைக் கவனித்துச் செய்யப் போனால் அப்படித்தான். தேர்வாளர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் உங்கள் மகனின் கவனம் பந்தை விட்டுக் காலுக்குப் போயிருக்கும்.

இதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழி ஒரு மாறாத வரிசை. பந்தை அவனே கையால் வைக்க வேண்டும். எண்ணி நாலு அடி பின்னால் வர வேண்டும். எந்த மூலை என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு மாற்றக் கூடாது. உள்ளே இழுத்ததைவிட நீளமாக ஒரு மூச்சை வெளியே விட வேண்டும். விசில் அடித்ததும் ஓடாமல், ஒரு நொடி நின்று, பிறகு ஓட வேண்டும். அந்த ஒரு நொடியை நான் விடாமல் வலியுறுத்துவேன். ஆட்டம் சமனாகும்போது இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கிற ஷூட்அவுட்டின் வீடியோக்களை ஆராய்ந்த நார்வே உளவியலாளர் கெயிர் ஜோர்டெட், விசில் கேட்டதும் அவசரமாக அடிப்பவர்களே அதிகம் தவறவிடுவதைக் கண்டார். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்ற அவசரம் அது.

பயிற்சி முறையும் மாற வேண்டும். வரிசையாகப் பத்து அடிப்பது காலுக்குப் பழக்கம், மனசுக்கு அல்ல. ஆட்டத்தில் ஒன்றுதானே கிடைக்கும்? பயிற்சி முடிந்து கால் சோர்ந்த நேரத்தில், கூட்டாளிகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கூச்சல் போட, நாளுக்கு ஒரே ஒரு பெனால்டி. உள்ளே போனாலும் வெளியே போனாலும் இரண்டாவது கிடையாது. ஆனால் இதெல்லாம் அவன் தூங்கி, சாப்பிட்டு, தானாக மைதானத்துக்கு வந்த பிறகு. இப்போதே பிடித்துத் தள்ளாதீர்கள்.

மெஸ்ஸி கதையையும் சொல்லாதீர்கள். 2016-இல் கோபா அமெரிக்கா என்ற கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெனால்டியை மேலே அடித்துவிட்டு, இனி நாட்டுக்காக ஆடப்போவதில்லை என்றவர், 2022-இல் உலகக் கோப்பையைத் தூக்கியது உண்மைதான். உங்கள் ஊரில் அது தெரியாத பையன் கிடையாது. இந்த நேரத்தில் அறிவுரையாக வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அப்பா கரைக்கு வந்ததும் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து வருகிற வண்டியிலும், வீட்டில் முதல் அரை மணி நேரமும் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். மரச்சீனியும் மீன் குழம்பும் வைத்துக் கொடுங்கள். சொல்ல வேண்டியதைப் பையன் சொல்வான், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அன்று திட்டியதற்கு, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மக்களே" என்று ஒரு வார்த்தை அப்பா வாயிலிருந்து வந்தால், என் பயிற்சிகளைவிட அது அதிகம் வேலை செய்யும்.

பயிற்சியாளரிடமும் பேசிவிடுங்கள். அவன் திரும்பி வந்தாலும் கொஞ்ச நாள் பெனால்டியை வேறு பையன் அடிக்கட்டும். "நான் அடிக்கிறேன்" என்று அவனே கேட்டால் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.